பதினோராவது பொட்டு

யுத்தம் முடிந்த மறு வருடம், புரட்டாசி மாதம். அதற்கும் அடுத்த வருடம் என்று என் தங்கை சாதிப்பாள். அவள் அப்போது தூளியில் கிடந்தவள். எனக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஆகவே என் கணக்கே சரி.

அப்பா யுத்த காலம் முழுவதும் திருச்சியில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்தார். எப்போதாவது ஊருக்கு வருவார். யாரோ என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பட்டறையை மூடியபோது, ஒருவரும் ஏலம் கேட்காத துருப்பிடித்த மிஷின் ஒன்றை எடுத்து, அரியலூர் வரை ரயிலிலும், அங்கிருந்து திருமானூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு மாட்டு வண்டியிலும் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே மேசையில் அறுக்கும், இழைக்கும், துளை போடும் என்றார். எங்கள் கண்ணுக்கு அது உடைந்த இரும்புக் கட்டில்.

அதை வைத்த கொல்லைக் கொட்டகை பெரியப்பாவுடையது. ஓட்டவேண்டிய ஆயில் இஞ்சினும் அவருடையது.

"விஜயதசமி வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கொட்டாயைக் காலி பண்ணுடா. வெல்லக் கொப்பரை வெயில்ல கெடக்குது" என்றார்.

ஓடாவிட்டால் அப்பா மறுபடியும் திருச்சிக்குத்தான் போகவேண்டும் என்று அம்மா அடுப்படியில் அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதுதான் அவரிடம் ஒளியாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அப்பா ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், உப்புத்தாளால் தேய்த்தார், ரம்பத்தின் தேய்ந்த பல்லை அரத்தால் தீட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்கு ஓடி, "இன்னிக்கி ஓடுமாப்பா?" என்பேன்.

"பெரியப்பா ஒன்னைய வேவு பாக்க அனுப்பிருக்காரா?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேலை முடிந்தது. மறுநாள் மிஷினைக் கழுவித் துடைத்து மாலை போட்டார்கள். பொட்டு வைக்கும் வேலை எனக்கு. "ஒரு எடம் விடாம வையிடி, கொறை இருக்கக் கூடாது" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தாள். பத்துப் பொட்டு வைத்தேன். அப்பா போய்விடக் கூடாது என்ற பயத்தில், சாமி கண்ணுக்கு எதுவும் தப்பக் கூடாது என்று மறுபடியும் சுற்றிவந்தேன். பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பின்னால், சின்னக் கை மட்டுமே நுழையும் இடுக்கில், பொட்டுக்கென்றே செய்ததுபோல் வட்டமாக ஒரு குழி. கெட்டிச் சந்தனத்தை அதில் நிறைய வைத்து அழுத்தினேன். மொத்தம் பதினொன்று.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. விஜயதசமி காலை அப்பா எண்ணெய்க் குப்பியோடு வந்தார். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வழியில்லாமல், அந்தக் குழிப் பக்கமாகக் குப்பியின் மூக்கைத் தடவித் தடவி வைத்து ஊற்றினார். தரையில் எண்ணெய் சொட்டியது. அவர் எண்ணெய் விட்டதைப் பார்த்தவள் நான் மட்டும்தான்.

பெரியப்பா மூக்குப்பொடி டப்பாவோடு வந்து நின்றார். இஞ்சின் முக்கி முனகிக் கிளம்பியது. ரம்பம் சுழன்றது. ஒரு வேப்பம் பலகை இரண்டாகப் பிளந்து விழுந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது பலகை பாதி போயிருக்கும். மிஷின் கிறீச்சிட்டது, புகைந்தது. கோயில் போலச் சந்தனம் மணத்தது. சாமி வந்துவிட்டது என்று நினைத்தேன். பெரியப்பாவின் மூக்குக்குப் பொடியைத் தவிர வேறு வாசனை எட்டாது.

அப்பா பெல்ட்டைத் தள்ளிவிட்டு, சூடு ஆறியதும் சக்கரத்தைக் கழற்றினார். குழியில் விரலை விட்டார். விரல் நுனியில் கருகிய மஞ்சள் பசை. ஒரு கணம் என்னைப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெ விட மறந்துட்டேண்ணே. அச்சு சுத்துற புஷ் தீஞ்சிபோச்சி."

"எண்ணெ விட மறந்தவனுக்கு மிஷின் ஒரு கேடா? நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்" என்று பெரியப்பா கத்தினார்.

"இல்லப்பா, நீங்கதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா, உள்ளார போய்த் தண்ணி கொண்டா" என்றார் அப்பா.

கரும்பு வெட்டும்வரை மிஷின் கிடக்கட்டும் என்று பெரியப்பா இறங்கிவந்தார். புது புஷ் வார்க்க வேண்டும், அதுவரை வேலையும் வேண்டும் என்று அப்பா மறு வாரமே திருச்சிக்குக் கிளம்பினார். நான் அவரோடு பேசவில்லை. எண்ணெய் ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேனே; பொய் சொல்லித் தானே வம்பை இழுத்துக்கொண்டு எங்களை விட்டுப் போகிறாரே என்ற கோபம். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் திரும்பி வந்தார். புஷ் பொருத்தினார். மிஷின் ஓடியது, பிறகு இருபது வருடம் ஓடியது. சட்டைப்பையிலிருந்து பித்தளையில் குமிழ் மாதிரி ஒரு மூடியை எடுத்து, அந்தக் குழியின் மேல் திருகினார். "இனிமே இதும்மேல வையி பொட்டு" என்றார்.

மிஷினுக்கு எங்கப்பா மூக்குத்தி வாங்கிட்டு வந்திருக்கார் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். அவர் எதை மூடினார் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.