காற்றுக்கொடியில் ஒரு தேங்காய்

நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள்தான் நானும். சங்கரன்கோவிலில் டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவன் இதற்கெல்லாம் பயந்தால் கட்டுப்படியாகுமா?

எழுபதுகளின் கடைசி. கோடைப் பருத்தியில் புழு விழுந்து, குருவிகுளம் பக்கம் மருந்து தெளிக்கச் சின்ன விமானம் வந்தது. வற்றிய கண்மாய்க்குள் தெற்கு வடக்காக ஓடுபாதை போட்டார்கள், அந்த வாக்கில்தான் நீளம் இருந்தது. ஆனிக் காற்றோ மேற்கே இருந்து ஆளைத் தள்ளும். அதனால் கரையில் மூங்கில் நட்டு ஒரு துணி கட்டியிருந்தது. அது பறப்பதைப் பார்த்துக் காற்றைக் கணித்துத்தான் பைலட் இறங்குவார். வடக்கத்திக்காரர், சின்ன வயசு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எல்லாம் சைகைதான். மருந்து கலக்க நான் டிராக்டரில் தண்ணீர் இழுத்தேன்.

ஒரு நாள் விமானம் ஒரு பனையை உரசுகிற மாதிரி போனதில் மருந்து கலக்கும் பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. பைலட் பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்று, தேங்காயை மஞ்சள் துணியில் முடிந்து, வேப்பிலைக் கொத்தோடு அந்தக் கொடி நுனியில் கட்டிவிட்டார்கள். பாசத்தில் செய்தது, யாரைக் குறை சொல்ல? மறுநாள் சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது கொடி பாரத்தில் தொங்கிக் கிடந்தது. காற்று இல்லை என்று நம்பி நேராக இறங்கினார். சக்கரம் மண்ணைத் தொடுமுன் பக்கக் காற்று இறக்கையைத் தூக்கி, விமானத்தைக் கரையில் கொண்டுபோய் அடித்தது.

டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தினோம். மேஸ்திரி மாரியப்ப அண்ணாச்சி தலையை மடியில் வைத்துக்கொண்டார். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அந்தப் பிள்ளை பிழைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. டிராக்டர் சத்தத்தில் பக்கத்தில் கத்தினாலே கேட்காது, ஆனால் என் காதோரம் தெளிவாகக் கேட்டது.

"காத்து அடிக்கா டிரைவரே?"

பேசாமல் படுங்கள் சார், ஆஸ்பத்திரி வந்துவிட்டது என்றேன். விடவில்லை, திரும்பத் திரும்ப அதே கேள்வி.

"கொடி தொங்குச்சு. காத்து இல்லன்னுதான இறங்குனேன்?"

எதிர்காற்று என் முகத்தில் மண்ணை வாரி அறைகிறது. சாகக் கிடக்கிறவரிடம் என்னத்தைச் சொல்ல?

"ஆமா சார். காத்து இல்ல."

அப்புறம் சத்தம் இல்லை. தூங்கிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்றார். அண்ணாச்சி என்னைத் தனியே கூட்டிப் போனார்.

"தூக்கும்போதே உசுரு இல்லலே. சொன்னா நீ வண்டி ஓட்டமாட்டேன்னு சொல்லல. வழியெல்லாம் யார்ட்ட பேசிட்டு வந்த?"

அப்போதுதான் உறைத்தது, என்னிடம் கேட்ட குரல் நம்ம ஊர்ப் பேச்சு பேசியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதோடு முடிந்திருந்தால் பிரமை என்று விட்டிருப்பேன். ஆனால் ஆனி மாதம் அந்தக் கண்மாய்ப் பக்கம் போனால், வெறும் ஆகாயத்தில் இன்ஜின் சத்தம் வட்டமடிக்கிறது. நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் வருகிறாரோ என்று நெஞ்சு பதறுகிறது. காற்று இருக்கிறது சார், இறங்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டேன். சத்தம் தாழ்ந்துகொண்டேதான் வருகிறது.