தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஓட்டப் பந்தயம்: கேமரன் மலையில் எங்கள் ஆகஸ்டு விடுமுறை

சென்ற ஆகஸ்டுப் பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் மே மாதமே தொடங்கிவிட்டது. நான் ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. என் கணவருக்கு மின்சார இலாகாவில் வேலை. மாலையில் ஹாக்கி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் ஓரிடத்தில் இருக்க முடியாது. எங்களைப் போன்ற சிலர், "இந்த அவசரகாலத்தில் கேமரன் மலைக்குப் போகலாமா, போனால் நடக்க விடுவார்களா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முந்தைய வருஷம் போர்ட்டிக்சன் போயிருந்தோம். கடல் அழகுதான். ஆனால் நீந்திக் கரையேறிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நாளே என் கணவர் மணலில் ஹாக்கி மட்டை இல்லாமல் ஹாக்கி விளையாடத் தொடங்கிவிட்டார். பினாங்கில் எங்களுக்குத் தெருவுக்கு ஒரு சொந்தக்காரர். விடுமுறை முழுக்க விருந்துச் சாப்பாட்டிலேயே போய்விடும். சிங்கப்பூரில் கடைகளைச் சுற்றலாம், அதை ஈப்போவிலேயே செய்யலாம். கேமரன் மலை என்றால் குளிர், நாளெல்லாம் நடக்கலாம், வியர்க்காது. ஒரே தடை, தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலை.

"ரெண்டு பக்கமும் காடு. எவன் எங்க உக்காந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் என் அப்பா. அவர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சாலையில் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் லாரிகளைச் சுட்டதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். என் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவரின் அண்ணன் சந்திரன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. அவரிடம் கேட்டோம். பல மாதங்களாகச் சாலையில் தொந்தரவு இல்லை, பகலில் காவல் வண்டியோடு சேர்ந்து வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஈப்போவிலிருந்து தாப்பா முப்பத்தைந்து மைல். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் மலைக்குப் போகும் வண்டிகள் புறப்படுவதற்கு முன்னால் போய்ச் சேரலாம். அங்கே சோதனைச் சாவடியில் எங்களுக்கு முதல் பாடம் காத்திருந்தது. நான் ஒரு டின் முறுக்கும், அவல் பொட்டலம் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். போலீஸ்காரர் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போகக் கூடும் என்பதால் எந்த உணவுப் பண்டமும் மேலே போகக் கூடாதாம். அவலை அங்கேயே விட்டேன். முறுக்கை விட மனம் வரவில்லை.

"இங்கயே சாப்பிட்டுட்டா?" என்று கேட்டேன்.

"வயித்துல போறதுக்குச் சட்டம் இல்ல லா," என்றார் பஸ் டிரைவர். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததால் டின் பஸ் முழுக்கச் சுற்றி வந்தது. சீனப் பாட்டி ஒருவர் இரண்டாம் முறை கை நீட்டினார். போலீஸ்காரரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் காய்கறி ஏற்றக் காலியாகப் போகும் லாரிகள், நடுவில் நாங்கள். மலைமேல் நாங்கள் தங்கப்போகும் தானா ராத்தா முப்பத்தெட்டு மைல்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆனது. வளைவுக்கு வளைவு வயிறு புரளும், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. (அதை யாரும் பிடுங்கவில்லை.) வழியில் ரிங்லெட் என்ற ஊரில் குளிர் காற்று சன்னல் வழியாக உள்ளே வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தானா ராத்தாவில் கடைத்தெரு மாடியில் ஓர் அறை எடுத்தோம். ஒரு நாளைக்கு நான்கு வெள்ளி வாடகை, வெந்நீர் உண்டு. சாப்பாட்டுக்குக் கீழே ஒரு முஸ்லிம் கடை. முதல் நாள் காலையில் பரோட்டாவைப் பொட்டலம் கட்டித் தரும்படி கேட்டோம். கடைக்காரப் பாய் சிரித்தார்.

"தூக்கிட்டுப் போக ஒண்ணும் தரமாட்டேன், லைசென்ஸ் போயிரும். ஒக்காந்து எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க. சாயங்காலம் வந்து மறுபடி சாப்பிடுங்க."

அப்படியே செய்தோம். நடை போகிறவர்களுக்கு இது ஒன்றும் கெட்ட ஏற்பாடு இல்லை. மலை உச்சிக்குப் போகும் காட்டுப் பாதைகளை மூடிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஊரான பிரிஞ்சாங் வரை சாலையில் தாராளமாக நடக்கலாம். கோல்ப் மைதானத்தைச் சுற்றி வரலாம். முதல் இரண்டு நாளும் காலையிலிருந்து மாலை வரை நடந்தோம். வாயைத் திறந்தால் புகை வருவதைப் பார்த்துக் குழந்தைகள் மாதிரி ஊதி விளையாடினோம்.

மூன்றாம் நாள் சந்திரன் அண்ணன் தோட்ட லாரியை அனுப்பினார். தோட்டத்துத் துரையிடம் எங்களுக்காக அனுமதி வாங்கி வைத்திருந்தார். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கம்பி வேலி போட்ட தொழிலாளர் லயன்கள், அதற்கு அப்பால் தொழிற்சாலை, அதைச் சுற்றி மேலும் கீழும் சீவிவிட்ட தலைமுடி போலத் தேயிலைச் சரிவுகள். எல்லாவற்றுக்கும் மேலே காடு.

"கீழ்ப் பாதை, நடுப் பாதை, ரெண்டுலயும் நடங்க," என்றார் அவர். "மேல் பாதைக்கு மட்டும் போயிடாதீங்க. அது காட்டோரம். மத்தியானத்துக்கு மேல ரோந்து வரும். அங்க ஆள் நடமாட்டம் கண்டா அவங்க கேள்வி கேக்க மாட்டாங்க."

நாங்கள் இருவரும் நன்றாகத் தலையாட்டினோம்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில் நின்றோம். தொழிற்சாலையின் தகரக் கூரை தூரத்தில் தெரிந்தது. என் கணவர் குனிந்து காலணி நாடாவை இறுக்கிக் கட்டினார். அவர் அப்படிச் செய்தால் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"நீ கீழ வழியா வா. நான் இப்படிப் போறேன். ஃபேக்டரி வாசல்ல யாரு மொதல்லன்னு பாப்போம்."

"அது மேல் பாதை இல்லைங்களா?"

"நடுப் பாதைதான், பயப்படாத," என்று சொல்லும்போதே ஓட ஆரம்பித்துவிட்டார்.

நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். வாசலை அடைந்தபோது அங்கே யாரும் இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் படியில் நின்று மூச்சு வாங்கினேன். அவர் வரும்போது என்ன சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்து முடிப்பதற்குள் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது. மேலே காடு மறைந்தது, பிறகு சரிவுகள், கடைசியில் எதிரே நின்ற லாரி கூட மங்கலானது. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நிறுவைக்கு வரத் தொடங்கினார்கள். அவர் வரவில்லை.

அஞ்சலை என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "யாரைத் தேடுறீங்க டீச்சர்?" நான் சொன்னேன். பாதை எங்கே பிரிந்தது, எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். கையால் காட்டினேன். அவள் முகம் மாறியது. "அது மேல் பாதைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிராணியைக் கூப்பிட ஓடினாள்.

சந்திரன் அண்ணன் போலீஸ் சாவடிக்குப் போன் செய்தார். பேச்சுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "என்ன சட்டை?" என்று கேட்டார்.

"காக்கி," என்றேன். "காக்கி கால்சட்டை. தொப்பியும் போட்டிருந்தார்."

அவர் குரலைத் தாழ்த்தி அதைப் போனில் சொன்னார். அதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. காட்டில் இருப்பவர்கள் போடுவதும் காக்கிதான், தொப்பிதான். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "ரோந்து ஏற்கெனவே கெளம்பிருச்சாம். இப்ப அவங்களுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லையாம்."

வாசலில் காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கார்ப்பரல், வேலிக் கதவை அடைக்கும் நேரமாகிவிட்டது, யாரும் வெளியே போகக் கூடாது என்றார். நான் அவர் எதிரே போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில், என் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார், நான் போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்றேன். சுடுவார்கள் அம்மா என்றார் அவர். அதற்காகத்தான் போக வேண்டும் என்றேன்.

அஞ்சலை நடுவில் வந்தாள். "ஆம்பளைங்க போய்க் கத்துனாத்தான் சந்தேகப்படுவாங்க. பொம்பளைங்க சத்தம் கேட்டா தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சிரும். நாங்க நாலு பேரு கூடப் போறோம்." கார்ப்பரல் மஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தானே முன்னால் நடந்தார்.

கடைசித் தேயிலை வரிசை வரை ஏறினோம். அதற்கு மேல் அவர் விடவில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பேரு என்ன டீச்சர்?" என்று அஞ்சலை கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. கல்யாணமான இந்த மூன்று வருஷமாக அந்தப் பெயரை நான் யார் முன்னாலும் சொன்னதில்லை. வீட்டிலும் "என்னங்க"தான். அந்தப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தனபாலன்," என்றேன். பிறகு காட்டைப் பார்த்துத் திரும்பி, திடலின் மறு கோடியில் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலில் கத்தினேன். "தனபாலன்."

அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து பெண்களின் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. கூப்பிடுவோம், நிறுத்திக் காது கொடுப்போம், மறுபடி கூப்பிடுவோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் தொண்டை கட்டத் தொடங்கியபோது, நாங்கள் எதிர்பார்க்காத இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க இருக்கேன். சுடாதீங்க, வர்றேன்."

கைகளைத் தூக்கியபடி மஞ்சிலிருந்து வெளியே வந்தார். முன்பக்கம் முழுதும் சேறு, தலையில் தொப்பி இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு கூர்க்காச் சிப்பாய்கள்.

நடந்தது இதுதான். வழி தவறிவிட்டது தெரிந்ததும் திரும்பியிருக்கிறார். மஞ்சில் திரும்பிய திசையும் தவறு. ஓடையோரம் நின்றவரைச் சிப்பாய்கள் பிடித்துக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர் சொன்ன எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்த அடையாளக் கார்டை எடுத்து ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அதே பெயர் கேட்டிருக்கிறது. இவர் தரையில் கிடந்தபடியே கார்டையும் சத்தம் வந்த பக்கத்தையும் மாறி மாறிக் காட்டியிருக்கிறார். சிப்பாய் கார்டைப் பார்த்தான், காது கொடுத்துக் கேட்டான், எழுந்திரு என்று சைகை செய்தான்.

கார்ப்பரல் சிப்பாய்களோடு பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் ஜெயிச்ச," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. அஞ்சலை தன் தலைத் துண்டை அவிழ்த்து அவர் முகத்துச் சேற்றைத் துடைக்கக் கொடுத்தாள். "நல்ல வேளை, பேரு சின்னப் பேரா இருந்துச்சு" என்று ஒரு பெண் சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். அன்று மாலை போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து அரை மணி நேரம் விசாரித்தார், கண்டித்தார், போகச் சொன்னார். சந்திரன் அண்ணன் வீட்டில் தேநீர் குடித்தோம். என் கணவர் இரண்டு கோப்பை குடித்தார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அது போதும் என்றிருந்தது.

மீதி மூன்று நாளும் தங்கினோம். உடனே ஊருக்குப் போய்விடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பயந்து இறங்கினால் பிறகு மலையை நினைக்கும்போதெல்லாம் அந்த மஞ்சுதான் நினைவுக்கு வரும். மறுநாள் கொழுந்தெடுக்கும் இடத்துக்குப் போய் அஞ்சலைக்கும் மற்றவர்களுக்கும் நன்றி சொன்னோம். அவர்கள் என் கணவரைப் பெயர் சொல்லியே வரவேற்றார்கள். அவர் காது சிவந்துபோனது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. போங்கள், நடக்கப் பிடித்தவர்களுக்கு மலாயாவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காக்கித் துணியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். என் கணவருக்குத் தானா ராத்தாவில் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை ஐந்து வெள்ளிக்கு வாங்கினோம். அடையாளக் கார்டு எப்போதும் உடம்போடு இருக்கட்டும். உணவு கொண்டுபோக வேண்டாம். தோட்டத்துக்குள் நடக்க அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அவர்கள் போகாதே என்று சொல்லும் பாதை எங்கே பிரிகிறது என்பதை, உடன் ஓர் ஆளை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கம் போக விரும்பினால் போலீசில் சொல்லிவிட்டுப் போங்கள். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கும், அது யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

இறங்கும் வழியில் வண்டிகள் நெருக்கமாக வந்தன. பஸ்ஸில் எல்லாரும் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், தாப்பா வரை விழிக்கவில்லை. ஈப்போவில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியின் கைப்பிடியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.