முதல் பக்கத்துக்கு வந்த மோட்டார் கடை

“உன்னைய ஆரு இதுல கைய வைக்கச் சொன்னது? கோயமுத்தூர்ல படிச்சவன் பண்ணிக் குடுத்த வெப்சைட்டு. பாக்கறதுக்கு எத்தனை லட்சணமா இருந்துது! அருவியத் தூக்கிப்போட்டு எரிஞ்ச மோட்டார் போட்டோவ வெச்சிருக்கறயே, இது கடையா, சுடுகாடா?”

என் வீட்டுக்காரர்தான். போர்வெல் மோட்டார் ரிப்பேர் எப்படிப்பட்ட தொழில் என்றால், தண்ணீர் வரும்வரை உங்களை ஒருத்தருக்கும் தெரியாது; நின்றுவிட்டால் அந்த நிமிடமே நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எங்கள் பெருமாட்டிப் பக்கம் இப்போது எல்லாரும் செல்போனில்தான் தேடுகிறார்கள். தேடினால் சித்தூர் ரோட்டில் புதிதாக வந்த கடைதான் முதலில் வருகிறது. நாங்கள் எங்கே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனதில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நாங்கள் வரவில்லை.

“இந்தக் கோடைக்கும் ஃபோன் வரலீன்னா மோட்டார் தூக்கற வண்டிய வித்துப்போட்டு, மணிய வேற வேலை பாத்துக்கச் சொல்லிருவேன்” என்று அவர் சொல்லியிருந்தார். மணி எங்கள் மெக்கானிக். எனக்குப் பொறுக்குமா? கடைக்கு வரும் ஃபோனை வீட்டிலிருந்து எடுத்தே காது தேய்ந்த சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அருவி போனது

பழைய வெப்சைட்டைத் திறந்தால் ஓர் அருவி கொட்டும். அதன் கீழே நாலு வரி இங்கிலீஷ். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்த எனக்கே அது என்னவென்று புரியவில்லை. போர்வெல் என்ற வார்த்தை கிடையாது, மோட்டார் என்ற வார்த்தையும் கிடையாது. பிறகு தேடுகிறவன் கண்ணில் எப்படிப் படும்?

ஃபோனில் என்னிடம் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? “மோட்டார் பொகையுதுங்.” “சுச்சுப் போட்டா உர்ருங்குது, தண்ணி வர மாட்டீங்குது.” மலையாளத்துக்காரர்கள், “மோட்டர் கத்திப்போயி, சேச்சி!” என்பார்கள், எரிந்துபோச்சு அக்கா என்று. அதையெல்லாம் அப்படியே தலைப்பாக வைத்தேன், தமிழில், மலையாளத்தில், இங்கிலீஷ் எழுத்தில். நாங்கள் வண்டி அனுப்பும் ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பக்கம் போட்டேன். பழையதைச் செய்து கொடுத்த கோயமுத்தூர் டிசைனர் துக்கம் தாங்காமல் கூப்பிட்டான்: “அக்கா, இது வெப்சைட்டு மாதிரியே இல்லீங்க. நீங்க ஃபோன்ல பேசற மாதிரியே இருக்குதுங்க.”

கள்ளு ஷாப்புக்கு எதிரில்

மேப்பில் எங்கள் கடை ஒரு தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. எரிந்த மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி வந்தவர்கள் தேங்காய்க்குக் கீழே நின்று எங்களைத் திட்டினார்கள். இடத்தைச் சரிசெய்தேன். ஆனால் மேப்பைக் கையில் வைத்துக்கொண்டே “எதுக்குப் பக்கத்துலீங்க?” என்று கேட்பதுதானே நம் ஜனம்! கடை இருப்பது கள்ளு ஷாப்புக்கு நேர் எதிரில். அப்படியே எழுதினேன்.

கள்ளை மோந்துகூடப் பார்க்காத என் வீட்டுக்காரர் குதித்தார். “பேங்குக்குப் பக்கத்துலன்னு போடு!” பேங்க் இருப்பது அடுத்த ஊரில். நான் மாற்றவில்லை. அன்றிலிருந்து வண்டிகள் நேராகக் கடை வாசலில் வந்து நின்றன. மணி சிரிக்காமல் வந்து சொன்னான்: “அண்ணா, கள்ளு ஷாப்புக்காரரு கேக்கறாருங், அவரு கடைக்கு வழி சொல்றப்ப நம்ம பேரைப் போட்டுக்கலாமான்னு.”

நட்சத்திரம் கேட்டது

வாடிக்கையாளர் நாலு பேர் நல்ல வார்த்தை எழுதினால்தான் தேடலில் மேலே ஏற முடியும். தென்னந்தோப்புக்கார ராமசாமி அண்ணனுக்குக் காலையில் தூக்கிய மோட்டாரைச் சாயங்காலமே இறக்கிக் கொடுத்திருந்தோம். தண்ணீர் தொட்டியைத் தாண்டி விழுந்தது. எழுதச் சொல்லிக் கேட்டேன். இரண்டே நட்சத்திரம் போட்டு, ‘தண்ணி சுமாரா வருது’ என்று எழுதி வைத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏனுங்கண்ணா, வாய்க்கா நெறைய ஓடுது, சுமாருங்களா?” என்று ஃபோனிலேயே கத்தினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மெதுவாப் பேசு அம்மிணி. பெருகி ஓடுதுன்னு ஊரறிய எழுதுனா, நாளைக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரன் பைப்பைத் தூக்கிட்டு வந்துருவான். கண்ணும் பட்டுரும். நானு நல்லாருக்கறது உனக்குப் பிடிக்கலையா?”

மணி மாப்பிள்ளை

அப்புறம்தான் உறைத்தது: கேட்டும் மற்றவர்கள் எழுதாததும் இதனால்தான். எல்லாருக்கும் சேதி அனுப்பினேன்: தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், நேரத்துக்கு வந்தோமா, மணி ஒழுங்காக நடந்துகொண்டானா, அதை மட்டும் எழுதுங்கள். கொட்டியது பாருங்கள்! ‘சொன்ன நேரத்துக்கு வந்தாங்க.’ ‘செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ள வந்தாப்ல.’ ‘எங்க நாய்கூட மணியைப் பாத்துக் குரைக்கலை.’ ராமசாமி அண்ணனும் இரண்டை ஐந்தாக்கினார்: ‘மணி நல்ல பையன். தண்ணியப் பத்தி ஆரும் கேக்காதீங்க.’

எங்களைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். தண்ணீரைப் பற்றிக் கேட்காதே என்று ஒருத்தன் சொன்னால், அவன் தோட்டத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? வெயில் ஏறுவதற்குள் முதல் பக்கத்தில், புதுக்கடைக்கும் மேலே வந்துவிட்டோம். விற்பதாக இருந்த வண்டியை இப்போது பார்ப்பதே அபூர்வம். மணி மட்டும் வந்து தலையைச் சொறிந்தான்: “அக்கா, அவுங்க எழுதுனதப் படிச்சுப்போட்டு ரெண்டு ஊட்டுல பொண்ணு குடுக்கறேன்னு கூப்பிட்டாங்க. அந்த நாய் மேட்டரை மட்டும் எடுத்துராதீங்க.”

வீட்டுக்காரர் தொழில் முன்னுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் சகோதரிகளே, அது முன்னுக்கு வந்து அடிப்பது உங்கள் சமையலறை ஃபோனில்தான் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இதோ, மறுபடியும் அடிக்கிறது. என் இரண்டு கையிலும் தோசை மாவு. அவர் முன்னறையில், அந்தச் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதுபோல் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கிறார்.

“ஏனுங்க, அந்த ஃபோனைக் கொஞ்சம் எடுங்களேன்!”