அவள் பார்க்காத ஆட்டங்கள்

அந்த அமெரிக்க டென்னிஸ்காரர் பெரிய கோப்பை எதையும் வென்றதில்லை. ஒரே ஒருமுறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். நல்ல உயரம், வேகமான சர்வ், பாழாய்ப்போன இடது முட்டி. அவ்வளவுதான் அவருடைய சொத்து. தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்த நாளிலிருந்தே என் மனைவிக்கு அவர் 'நம்ம பையன்'. சாப்பிடாதவன் மாதிரி இருக்கிறானே என்றாள். மலேசியாவில், பத்து பாகாட் ஊரில் இருந்துகொண்டு நாம் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினேன்.

தான் பார்த்தால் அவர் தோற்றுவிடுவார் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. ஆட்டம் இறுகினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் கூடத்திலிருந்து நிலவரம் சொல்ல வேண்டும். நில அலுவலகத்தில் காலமெல்லாம் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். நடந்ததை மட்டும் சொல்வேன், கருத்து சேர்க்க மாட்டேன். அப்படியும் அவர் தோற்றால், அவள் எட்டிப் பார்த்ததுதான் காரணம். எட்டிப் பார்க்கவில்லையென்றால் நான் சொன்ன விதம். மேல்முறையீடு கிடையாது.

"டிவியில கொஞ்சம் லேட்டாதான் வருதும்மா. நீங்க பாக்குறதுக்குள்ள பந்து விழுந்தாச்சு லா," என்று சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஒருமுறை போனில் சொன்னாள். அந்த மனு பரிசீலிக்கப்படவில்லை.

போன ஆண்டு, அமெரிக்காவில் நடக்கும் பெரிய போட்டியோடு ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்தார். எங்களைப் போல் பிரிவுபசார விருந்து, சாவி ஒப்படைப்பு எல்லாம் அவர்களுக்கு இல்லை. தோற்கிற அன்று வேலை முடிந்தது. ஆகவே அவள் அடுப்படியை விட்டு வரவே இல்லை. அவரும் இரண்டு சுற்று வென்றார்.

அடுத்த ஆட்டம் அங்கே இரவு, எங்களுக்குக் காலை. அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கடைசி செட்டில் அவர் நொண்டத் தொடங்கினார். அதையும் சொன்னேன். பிறகு, "மேட்ச் பாயிண்ட். எதிராளிக்கு," என்றேன். இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் முடிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பாத்தா தோத்துருவானே?"

"தோக்கட்டும். அந்த முட்டிய வச்சிக்கிட்டு இன்னும் எவ்வளவுதான் ஓடுவான்? போதும், வீட்டுக்குப் போகட்டும்."

கைகளைக் கட்டிக்கொண்டு திரையை நேராகப் பார்த்தாள். அவர் பந்தை உயரே போட்டு அடித்தார். எதிராளி அசையக்கூட இல்லை. ஆட்டம் பிழைத்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இப்படியா போடுவான்?"

"ஆட்டம் இறுகினா எப்பவுமே இப்படித்தான்."

அதன்பின் அவள் இமைக்கவில்லை. அடுத்த புள்ளியை எதிராளி எடுத்தார். அதற்கடுத்த பந்தை நம்மவர் வலையில் அடித்தார். கை குலுக்கிவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"முட்டிக்கு ஐஸ் வைக்கச் சொல்லுங்க," என்றாள், அங்கே பொறுப்பதிகாரி நான்தான் என்பதுபோல.