ஏழாம் நம்பர் போயிட்டான்

டைப்ரைட்டிங்கில் நான் ஹையர் பாஸ், தமிழ், இங்கிலீஷ் இரண்டும். அதனால்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. இல்லாவிட்டால் பையன்கள் சைக்கிள் ஓட்டுவதைக் கம்ப்யூட்டரில் காட்டுகிற கூத்துக்கு நான் ஏன் போகப்போகிறேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். மேலப்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு டவுனில். அந்த வருஷம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. மூன்று வரன் வந்து, கேசரி தின்று, காபி குடித்து, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் தடவை அழுதேன். மூன்றாம் தடவை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பசித்தாலும் சரி, பசிக்காவிட்டாலும் சரி என்று இருந்தது.

எங்கள் சென்டர் முதலாளிக்கு வாயைத் திறந்தால் உலகம்தான். அதற்குக் குறைந்து பேசமாட்டார். ஐப்பசி மழையில் பையன்களுக்குத் தெருவில் ஓட்ட வழியில்லை என்று, கைத்தறித் துணி அடுக்கிவைத்திருந்த ஒரு குடோன் காலியானதும், அதற்குள்ளேயே பி.எம்.எக்ஸ். பந்தயம் வைப்பதாக அந்தத் தெருக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சின்னச் சக்கரமும் தடித்த டயரும் இருந்தால் எல்லாம் பி.எம்.எக்ஸ்.தான். பாதி சைக்கிள் வளைகுடாவிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது. வாங்கி அனுப்பிய தகப்பன்மார், தங்கள் பிள்ளைகள் அதை ஓட்டுவதைக் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். பந்தயத்தை இன்டர்நெட்டில் விடுவோம், அங்கே இருக்கிறவர்கள் பார்க்கட்டும், நம் சென்டர் பெயரும் நாலு பேருக்குத் தெரியும் என்றார்.

எங்களிடம் சொந்தமாக இருந்தது அவருடைய வாய் ஒன்றுதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மற்ற எல்லாவற்றையும் இரவல் வாங்கினார். மோடம் ஓர் ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்தது. யு.பி.எஸ். போட்டோ ஸ்டுடியோவிலிருந்து. கோலிக்குண்டு அளவுக்குக் கண் வைத்த ஒரு கேமரா, லீவில் வந்திருந்த ஒருவரிடமிருந்து. போன் லைன் பக்கத்துப் பலசரக்குக் கடையுடையது. ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் குடோனுக்குள் கொண்டுவந்தோம். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அந்தக் கடை போன்தான் பி.பி. நம்பர். வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் கடைக்காரர் வீட்டுக்கு ஆளனுப்புவார். பந்தயத்தன்று மத்தியானம் முழுக்க அதை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். பெரிய மனசு.

வீடியோ எல்லாம் அந்த லைனில் போகாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு போட்டோ போகும், தீப்பெட்டி அளவில், அதுவும் கலங்கலாக. அதனால் படத்துக்குக் கீழே நடப்பதை நான் வரி வரியாக அடிக்க வேண்டும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் ஒரு பெண் சென்டருக்கு வந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயது, பந்தயத்தில் ஏழாம் நம்பர். கணவர் சார்ஜாவில் டயர் கடையில் வேலை. ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. கடைசியாக வந்தபோது பையனுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. அங்கே ஓர் ஆபீசில் வேலை செய்யும் சிநேகிதர் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். எங்கள் இன்டர்நெட் பக்கத்தின் விலாசத்தைப் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"படம் தெரியுதோ தெரியலையோ, நீங்க அவன் நம்பரை அடிக்கடி போடுங்க டீச்சர். அவுக அதையே பாத்துக்கிட்டு இருப்பாக" என்றார்.

சரி என்றேன். மறந்துவிடக் கூடாதென்று அவர் போனதும் உள்ளங்கையில் ஏழு என்று எழுதிக்கொண்டேன். அவ்வளவு கவனமாகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அங்கேயும் லீவு, மேலப்பாளையத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் லீவு. ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கூடினார்கள். வெளியே மழை. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்கு மேலே ஒருவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். சிமென்ட் தரையில் மணல் மூட்டைகளை அடுக்கி வளைவு பண்ணியிருந்தார்கள். ஒரு பக்கம் பலகையைச் சாய்த்து மேடு. நாலு நாலு பேராகப் பந்தயம், ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று. மோடம் பதினோரு தடவை முயன்று ஒருவழியாகச் சேர்ந்தது. நான் அடிக்கத் தொடங்கினேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பக்கத்தின் அடியில் ஓர் எண் காட்டும். எட்டு என்றது. அதில் நாலு நாங்களே திறந்து பார்த்தது. உலகம் பார்த்த லட்சணம் அப்படி.

ஏழாம் நம்பர் நன்றாக ஓட்டினான். சொன்ன சொல்லுக்குக் குறையில்லாமல் அவன் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஏழு முன்னால். ஏழு வளைவில். ஏழு கடைசிப் பந்தயத்துக்கு வந்தாச்சு.

கடைசிப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில், கூரை ஒழுகி ஈரமான பலகையில் அவனுடைய முன்சக்கரம் வழுக்கியது. சைக்கிளோடு தரையில் விழுந்தான். சனம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. "ஏழு விழுந்துட்டான்" என்று அடித்து அனுப்பினேன். கேமரா அதன் நேரத்துக்கு ஒரு படம் எடுத்தது. வெறும் முதுகுகள், கால்களுக்கு நடுவே ஒரு சக்கரம். அதுவும் போனது. அதற்குள் பையன் தானே எழுந்து, யாரையும் தொடவிடாமல், சைக்கிளை நிமிர்த்திக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கிளம்பிவிட்டான். மைக் பிடித்தவருக்கு வெறி பிடித்துவிட்டது. போயிட்டான், போயிட்டான், ஏழாம் நம்பர் போயிட்டான் என்று தொண்டை கிழியக் கத்தினார். காதில் விழுந்ததை அப்படியே அடித்தேன். "ஏழாம் நம்பர் போயிட்டான்." அனுப்பி முடித்தேன், ஓர் இடி விழுந்தது, மோடத்தில் விளக்குகள் அணைந்தன.

கடைப் போனை எடுத்துப் பார்த்தால் சத்தமே இல்லை. தெருவில் எல்லாப் போனும் அவுட். ஆடிட்டர் ஆபீஸ் மோடம் கருகிவிட்டதோ என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். பந்தயம் எப்போது முடிந்தது, ஏழாம் நம்பர் எத்தனாவதாக வந்தான், எதையும் பார்க்கவில்லை. மோடம் பிழைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிக் கட்டும்போது பையனின் அம்மா வந்து, அவுகளுக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்டார். எல்லாம் போயிருக்கும் என்றேன்.

டவுன் பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போதுதான் கடைசி இரண்டு வரியும் மனசுக்குள் ஓடின. விழுந்துட்டான். போயிட்டான். அதற்குமேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, சனம் மொய்த்த அந்தப் படத்தைத் தவிர. நம் பேச்சில் போயிட்டான் என்றால் முந்திவிட்டான் என்றும் ஆகும், செத்துவிட்டான் என்றும் ஆகும். எதுவென்று குரல்தான் சொல்லும். குரலை நான் அடிக்கவில்லை.

ஜங்ஷனில் ஒரு பிரவுசிங் சென்டர் உண்டு. இறங்கினால் ஐந்து நிமிஷ வேலை. ஏழு நல்லா இருக்கான் என்று ஒரு வரி. பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை ஜங்ஷன் ஜங்ஷன் என்றார். மழை. பையனின் தகப்பனாரும் தமிழர்தானே, புரிந்துகொள்வார் என்று உட்கார்ந்திருந்தேன். புரிந்துகொள்ளமாட்டார் என்றும் தெரிந்தே இருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமையும் போன் லைன் சரியாகவில்லை. முழங்கையில் கட்டோடு அந்தப் பையன் சென்டர் வாசலில் சைக்கிளில் போனதைப் பார்த்தேன். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த புதன்கிழமை அவனுடைய தகப்பனார் சென்டருக்கு வந்தார். யாரென்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மெலிந்த மனிதர், சவரம் செய்யாத முகம். பைய, ஒன்றன்பின் ஒன்றாக, வேறு யாரோ ஒருவர் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு வரியையும் படித்துவிட்டு மூன்றாம் வரிக்குக் காத்திருக்கிறார். வரவில்லை. பி.பி. நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பக்கம் லைன் செத்துக் கிடந்தாலும் அந்தப் பக்கம் மணி அடிக்கிற மாதிரித்தான் கேட்குமாம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தெருவே தன் வீட்டில் கூடியிருக்கிறது, போன் எடுக்க ஆளில்லை என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் சாவு என்று பொய் சொல்லி ஊருக்கு ஓடுகிறவர்கள் அங்கே அதிகம் என்பதால், அரபி முதலாளியிடம் சத்தியம் செய்துதான் பாஸ்போர்ட்டை வாங்கியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலப்பாளையம் வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. அவர்களில் இறந்தவர் உடலை, மய்யத்தை, வைத்திருக்கமாட்டார்கள், அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். அதனால் பையோடு நேரே பள்ளிவாசல் இடுகாடான மையவாடிக்குப் போயிருக்கிறார். அங்கே புதுமண்ணாக ஒரு சின்னக் குழிமேடு இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் வரை ஓதியிருக்கிறார், அழுதிருக்கிறார். பள்ளிவாசல் ஆள் ஒருவர் வந்து, இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டபிறகுதான் அது யாரோ வீட்டுக் குழந்தை என்று தெரிந்தது.

போன் லைன் சரியானதும் சார்ஜாவுக்குப் பேசியிருக்கிறார். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷச் செய்தியைக் கேட்டுவிட்டு, நீயும் அதே பொய்தானா என்று அந்த முதலாளி விசாவை ரத்து செய்துவிட்டார்.

அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். திறந்து கொடுத்தேன். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துப் படித்தார். என்ன நினைத்து இதை அடித்தீர்கள் என்று கேட்டார். முந்திவிட்டான் என்றுதான், மைக்கில் சொன்னதை அப்படியே அடித்துவிட்டேன் அண்ணாச்சி என்றேன். தலையாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேச்சுக்குப் பேச்சு கொடுத்துப் பழகிய வாய் என்னுடையது. அவர் திட்டவில்லை.

"எல்லாத்தையும் அங்கன உக்காந்து அழுது முடிச்சிட்டேன் டீச்சர்" என்றார். "வீட்டுக்கு வந்து பாக்கேன், அவன் சோறு தின்னுக்கிட்டு இருக்கான். சந்தோசம் வரணும்லா? வரல. யாரோ வீட்டுப் புள்ளையப் பாக்க மாதிரி இருக்கு."

எனக்கு அது புரிந்தது. அந்த வருஷம் யார் சொன்னதும் அவ்வளவு சுளுவாகப் புரிந்ததில்லை.

பையன் அதற்குப்பிறகு சைக்கிளைத் தொடவில்லையாம். தான் விழுந்ததால்தான் வாப்பாவுக்கு வேலை போனது என்று சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டான். இவர் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டார்.

"நீங்க வந்து சொல்லுங்க. அவன் மேல தப்பு இல்ல, எழுதுனதுலதான் தப்புன்னு சொன்னா கேப்பான். ஒரு தடவை அவன் ஓட்டி நான் பாத்துட்டா, எனக்கும் சரியாயிரும்னு தோணுது."

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். வீட்டு அடையாளம் சொல்லிவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வீட்டில்தான் கிடந்தேன். போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதே சென்டரில் வேலை பார்த்தேன். அந்தப் பையன் திரும்பச் சைக்கிளைத் தொட்டானா என்று யாரிடமும் கேட்டதில்லை.