துட்டி கேட்காத வீடு

எங்கள் பக்கம் ஒரு பஞ்சாயத்து மெம்பர் தோற்றுப்போனால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ரோடு போடவில்லை, சாதிக்காரன் காலை வாரிவிட்டான், மலையாளத்தான் ஒன்றுசேர்ந்துவிட்டான். என் அப்பா தோற்றதற்கு இதில் ஒன்றுகூடக் காரணம் இல்லை.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மலையாளத்தான் பக்கம் இருந்த எங்கள் ஊர்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அப்பா பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். மெம்பர் வேலையையும் விட்டுவிடவில்லை. கிணறு வெட்டித் தந்தார், குளத்துக்குப் படி கட்டினார். அவரை மெம்பர் ஆக்கியது எதிர்வீட்டு மாமா. எங்களுக்குச் சொந்தம் இல்லை, அப்பாவின் சிறுவயதுக் கூட்டாளி. முதல் தேர்தலில் அப்பாவுக்காகப் படியேறாத வீடு இல்லை. அந்த மாமா காய்ச்சலில் விழுந்து, பொசுக்கென்று போய்விட்டார்.

அன்று அப்பா பாறசாலைக் கூட்டத்தில் இருந்தார். ஆள் போய்ச் சொல்லியும், பேசி முடித்துவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதைக்கூட ஊர் பொறுத்திருக்கும். அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் பிறகு ஒருநாள் போய்த் துட்டி கேட்பது எங்கள் வழக்கம். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். போய் உட்கார்ந்தால் வீட்டுக்காரி அழுவாள், நாமும் அழுதுவிட்டு, சொல்லாமல் எழுந்து வரவேண்டும். அதற்கென்றே போகவேண்டும், வேறு காரியத்தோடு சேர்த்துப் போகக்கூடாது.

"அங்க ஒண்ணு ஏறி இருந்திட்டு வாருங்க," என்று அம்மா தினமும் சொன்னாள்.

"அவன் நம்ம ஆளாக்கும். மைனி ஒண்ணும் நினைக்கமாட்டா. இந்தக் கூட்டம் ஒண்ணு முடியட்டு," என்பார் அப்பா. ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டம் வந்தது. எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். அப்பா மைனி என்று கூப்பிடும் அந்த வீட்டு மாமியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நான் எங்கள் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

அப்புறம் தேர்தல் வந்தது. அப்பா அந்தப் படியை ஏறினார், பின்னால் நாலைந்து பேரோடு. உட்காரவில்லை. கும்பிட்டார். "மைனி, இந்தத் தடவையும் நம்மள மறந்திராதீங்க. வாறேன்," என்றார். சாவு வீட்டில் சொல்லக் கூடாத அந்த 'வாறேன்' அக்கம்பக்கம் எல்லார் காதிலும் விழுந்தது. மாமி தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் அப்பாவிடம் கோபப்படவில்லை. சிரித்துப் பேசினார்கள், காப்பி கொடுத்தார்கள், ஓட்டு உண்டு என்றார்கள். ஓட்டு எண்ணியபோது, அப்பாவை எதிர்த்து நின்ற ஊர்க் கடைக்காரர் ஜெயித்திருந்தார்; மாமாவின் அடக்கத்தன்று கூட நின்று குழி தோண்டியவர். எல்லை எங்கே போனால் என்ன என்று இருந்த மனிதர்.

அப்பா நேராக எதிர்வீட்டுக்குத்தான் போனார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

"மைனி, நீங்களுமா?"

மாமி முறத்தைக் கீழே வைத்தாள். "நானும்தான். போராட்டத்துல செத்தவங்களுக்காக நீங்க மேடையில நின்னு அழுதீங்கன்னு எல்லாரும் சொன்னாவ. நல்லதாக்கும். எனக்க மாப்பிளைக்கு உங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமப் போச்சே, தம்பி. சாகும்போதும் அவரு வாசலத்தான் பாத்துட்டுக் கிடந்தாரு. கூட்டம் முடிஞ்சா வந்திருவான், வந்திருவான்னு சொல்லிட்டே போனாரு."

அப்பா அந்த மண்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. துட்டி கேட்க யார் வந்து அழுதாலும் கூட உட்கார்ந்து அழுகிற மாமி, அன்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.