அம்மாவின் கையும் டயர் லீவரும்

என் அப்பாவை நான் ஒரு முறை காட்டிக்கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைப்பு.

அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அறுந்த இழைகளைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அந்த வருஷம் வலது முன்கைச் சதை இறுகிப்போய், பெருவிரலை மடக்கவே முடியவில்லை. தைலத்துக்கும் மசியவில்லை, ஒத்தடத்துக்கும் மசியவில்லை. மாசக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அம்மா இடது கையால் சோறு பிசைவதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

அந்தச் சமயத்தில்தான் பட்டாளத்திலிருந்து அப்பா இரண்டு மாத லீவில் வந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் வரும் அந்த மீசைக்காரரிடம் எனக்குப் பயம். வந்த மறுநாளே, தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அம்மாவின் தம்பி, என் மாமாவிடம் டயர் கழற்றும் லீவர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாவின் கையைப் பிடித்து அந்த இரும்பால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்! கையெல்லாம் சிவப்பு. அம்மா கண்ணில் தண்ணீர்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். "மாமா, அப்பா லீவரால அம்மா கையச் சுரண்டுதாவ!" அவ்வளவுதான், காற்றடிக்கும் பம்போடு பாய்ந்து வந்தார் மாமா.

அம்மாதான் வாசலில் மறித்தாள். "ஏலே கூறுகெட்டவனே, ஒங்க அத்தான் வைத்தியம்லா பாக்காவ! பம்பக் கீழ போடு."

பட்டாள ஆஸ்பத்திரியில் தன் தோள்பட்டையை இப்படித்தான் ஒரு வழுவழுப்பான இரும்புக் கருவியால் நீவிச் சரிசெய்தார்கள் என்றார் அப்பா. அதற்கு இங்கே எங்கே போவது? கூர் இல்லாத வளைந்த விளிம்பு லீவரில்தான் இருந்ததாம். தேங்காய் எண்ணெய் தடவிய கையில் மெதுவாக இழுத்துக் காட்டினார். "இந்த எடத்துல கரகரங்குதுல்லா மாப்ள? இறுகின சதை அதுதான்." மாமா தொட்டுப் பார்த்தார். பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பதினைந்தாம் நாள் அம்மா பெருவிரலை மடக்கி, ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். அப்பாடா! மறுநாளே மில்லுக்கும் போய்விட்டாள்.

ஆனாலும் ஒன்று எனக்கு விளங்கவில்லை. காலையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த அதே கையை, சாயங்காலமானால், "இன்னும் வலிக்கத்தான் செய்யுது" என்று அப்பா முன்னால் நீட்டுவாள். லீவு முடியும் நாள் வரை நீட்டினாள். அம்மா பொய் சொல்கிறாள் என்று ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

இந்தத் தடவை மாமா பம்பை எடுக்கவில்லை. "செத்த நேரம் இங்கனயே வெளையாடு தாயி, பொறவு வீட்டுக்குப் போவலாம்" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.